ஆளில்லாத நேரம்

காலை எட்டேமுக்காலுக்கு நான் கதவைத் திறக்கும்போது
ஸ்கார்வேய் தீவில் இன்னும் விடியவில்லை.
டிசம்பரில் விடியாது.
சூரியன் எட்டிப் பார்க்க
ஜனவரி இருபது ஆகும்.

வாசலுக்கு உள்ளே தரையில் சின்னக் குட்டை,
யாருடைய பூட்சிலிருந்தோ உருகிய பனி.
காயவில்லை.
ஐந்து மணிக்கு மேல்தான் கிளம்பியிருக்க வேண்டும்.

இரவெல்லாம் இங்கே நூலகர் கிடையாது.
அட்டையைக் காட்டினால் கதவு திறக்கும்,
நடக்க நடக்க விளக்குகள்
ஒவ்வொன்றாய் விழித்துக்கொள்ளும்.

"துடைத்து எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்" என்றார்
நகராட்சிக் கூட்டத்தில் ஓட்வார்.
ஆறு வருடம் ஆயிற்று.
இதுவரை காணாமல் போனது
ஒரு ஸ்டேப்ளர்.
கூடுதலாய் வந்து சேர்ந்தவை
இடக்கைக் கையுறை ஒன்று,
அரைப் பொட்டலம் ஏலக்காய்,
ஆடிக்கொண்டிருந்த நாற்காலிக்கு
யாரோ பசை போட்டு ஒட்டிய கால்.

மீன் ஆலையில் இரண்டாம் ஷிஃப்ட் முடிவது இரவு ஒன்றுக்கு.
அகராதிகள் பக்கம் மெல்லிய மீன்வாடை.
எரித்திரியாக்காரரா, லித்துவேனியப் பெண்ணா,
எனக்குத் தெரியாது.
கெட்டிலைக் கழுவிக் கவிழ்த்து வைக்கத்
தெரிந்தவர். அவ்வளவுதான்.

சன்னலோரம், கண்ணாடிக் கூண்டுக்குள்
ஒரு மரப்பெட்டி இருக்கிறது.
ஆயிரத்து எண்ணூற்று எழுபத்து நாலில்
நாற்பத்து மூன்று புத்தகங்களோடு படகேறி வந்தது.
அந்நாளில் இந்தத் தீவின் மொத்த நூலகமே அதுதான்.
சாவி, தேவாலய மணியடிப்பவர் வீட்டு ஆணியில்.
கூடவே ஒரு பேரேடு.

"யெர்ட்ரூட், ஹோகன் மகள். நீராவி எஞ்சின் பற்றிய நூல்.
கடல்நீரில் நனைத்துத் திருப்பினாள்.
அபராதம், காய்ந்த மீன் இரண்டு."

மறுவாரம் மறுபடி யெர்ட்ரூட். அதே நூல்.
அடுத்த மாதமும்.
ஏழு முறை.
அன்று இந்தத் தீவில் எஞ்சின் என்று
ஒன்றுகூடக் கிடையாது.
எட்டாவது வரியில் அவள் இல்லை.
கப்பலா, கல்யாணமா, காய்ச்சலா,
பேரேடு வாய் திறக்கவில்லை.

நூற்றைம்பது வருடத்துக்கு முன்னால் அவள் படித்தது
எனக்குத் தெரிகிறது.
நேற்றிரவு இந்த மேசையில் படித்தது தெரியவில்லை.
புத்தகம் திரும்பிய நிமிடமே
கணினி பெயரை அழித்துவிடும்.
நானே அடம்பிடித்து வாங்கிய ஏற்பாடு.

மணியடிப்பவர் சும்மா இருந்திருப்பாரா,
பெண்பிள்ளைக்கு எஞ்சின் எதற்கு என்று
ஒரு ஞாயிறுக்குள் ஊரெல்லாம் பரப்பியிருப்பார்.
இப்போது கேட்க ஆளில்லை.
மறந்துவிடுவதும் ஒரு சேவைதான்.
ஆண்டறிக்கையில் இதற்கென்று கட்டம் இல்லை.
"வருகை" என்ற கட்டத்தில்
ஒன்பதாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு என்று நிரப்பி
ஓட்வாருக்கு அனுப்பினேன்.

இருந்தாலும், சொல்லாமல் என்ன,
அந்த மணியடிப்பவர் மேல் எனக்குக்
கொஞ்சம் பொறாமை.

அடுத்த வருடம் கடலடிச் சுரங்கப்பாதை வருகிறது.
தையல் மிஷின், துளைபோடும் மிஷின்,
குழந்தைகளுக்குப் பனிச்சறுக்குக் கட்டை,
எல்லாம் இரவல் தரப்போகிறோம்.
புத்தகங்களில் பாதி போனுக்குள் போய்விடும்.
உப்புநீர் அபராதம் இருக்காது.

இன்று காலை ஆலோசனைப் பெட்டியில் ஒரே ஒரு சீட்டு.
எழுத்துப்பிழைகளோடு, அழுத்தி எழுதிய நார்வேஜியன்:

"விளக்கு பத்து நிமிடத்தில் அணைந்துவிடுகிறது.
அசையாமல் படிப்பவரை அதற்குத் தெரியவில்லை.
பக்கம் புரட்டினால் போதவில்லை,
கையை மேலே தூக்கி ஆட்டவேண்டியிருக்கிறது."

எத்தனை இரவுகள்
காலி அறையில், இருட்டுக்குள்,
யாரையோ கூப்பிடுவதுபோல் ஒரு கை
ஆடியிருக்கும்.

மின்வேலை பார்க்கும் ஸ்டைனாருக்குப் போன் போட்டேன்.
பத்தை நாற்பது ஆக்கவேண்டும் என்றேன்.
சிரித்தார்.
"ராத்திரி ரெண்டு மணிக்கு
நாற்பது நிமிடம் ஆடாமல் அசையாமல்
யாரம்மா உட்கார்ந்திருக்கப் போகிறார்கள்?"

இருக்கிறார்கள், என்றேன்.
ஏணியோடு வாருங்கள்.